80 மி.மீ. தண்டில் 10 மி.மீ. பிட்ச்: லேத்தில் பெரிய மரை வெட்டிய ஒரு வேலையின் நிகழ்வு ஆய்வு

ஒரு பிரஸ்ஸின் மேசையை ஏற்றி இறக்கும் திருகு தேய்ந்துவிட்டது. அதற்கு மாற்றாக வேறொரு பட்டறையில் புதிதாக ஒன்று வெட்டினார்கள். அது நட்டுக்குள் பாதி தூரம் நன்றாகப் போய், அப்புறம் இறுகி நின்றுவிட்டது. வேலை எங்களிடம் வந்தபோது தேய்ந்த திருகு, இறுகிய திருகு, பழைய நட் மூன்றும் சேர்ந்தே வந்தன. கெட்டுப்போன ஜாப் கையில் கிடைப்பது இந்தத் தொழிலில் அபூர்வம். பெரும்பாலும் அது பழைய இரும்போடு போய்விடும். இம்முறை அதை நிதானமாக அளந்து பார்க்க முடிந்தது. எந்த முறையில் வெட்டுவது என்பதை அந்த அளவுகள்தான் முடிவு செய்தன.

தண்டின் மொத்த நீளம் 1,100 மி.மீ., மரை மட்டும் 700 மி.மீ. பொருள் சி45 எஃகு. வெண்கல நட்டின் நீளம் 150 மி.மீ. வரைபடம் எதுவும் இல்லை.

முதலில் மரை எந்த வகை என்று உறுதி செய்ய வேண்டும். 80 மி.மீ. விட்டம், பார்வைக்கு 10 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) என்றால் மெட்ரிக் டிரபிசாய்டல் (சரிவக வடிவ மரை) என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அங்குலத்துக்கு இரண்டரை மரை உள்ள, ஆக்மி என்னும் அங்குல அளவு மரையும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். அதன் பிட்ச் 10.16 மி.மீ. ஒரு மரையை மட்டும் அளந்தால் வித்தியாசம் பிடிபடாது. பத்து மரையைச் சேர்த்து அளந்தால் 100-க்குப் பதில் 101.6 வரும். 150 மி.மீ. நட்டின் நீளத்தில் இந்த வேறுபாடு 2.4 மி.மீ. ஆகிவிடும், மரை உள்ளேயே போகாது. தேய்ந்த திருகில் தேயாத முனைப் பகுதியில் பத்து மரை அளந்தோம், சரியாக 100. பக்கச் சரிவின் கோணமும் 30 டிகிரி வார்ப்புருவில் ஒளி தெரியாமல் பொருந்தியது. ஆக, இது மெட்ரிக் டிரபிசாய்டல்தான்: டிஆர் 80×10.

இந்த மரைக்கான அடிப்படை அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இவற்றைச் சார்ந்தவை. வெளிவிட்டம் 80, பிட்ச் விட்டம் (மரையும் பள்ளமும் சம அகலமாக இருக்கும் இடத்து விட்டம்) 75, திருகின் அடிவிட்டம் 69. பள்ளத்தின் ஆழம் 5.5. பள்ளத்தின் அகலம் மேலே 6.34, அடியில் 3.39. நட்டின் உள்விட்டம் 70, அதன் மரையின் அடி 81. முனையிலும் அடியிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், சுமையைத் தாங்குவது பக்கச் சரிவுகள் மட்டுமே.

முதல் திருகு ஏன் இறுகியது

இறுகிய அந்தப் புதிய திருகில் மூன்று கோளாறுகள் தெரிந்தன. பள்ளத்தின் சக் பக்கச் சரிவு (சக் என்பது தண்டைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) முழுவதும் கிழிந்து, உலோகம் அப்பிக்கொண்டது போல இருந்தது. தண்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கச் சரிவு ஓரளவு மினுமினுப்பாக இருந்தாலும் நீள அலைகள் ஓடின. மூன்றாவதாக, பள்ளங்களில் உருளைகள் வைத்து அவற்றின் மேல் மைக்ரோமீட்டரில் அளந்தபோது தண்டின் நடுப்பகுதி, முனைகளைவிட 0.2 மி.மீ. பருமனாக இருந்தது. நட் நின்ற இடமும் அதுதான்.

மூன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு என்றாலும் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து வருகிறது: முழு வடிவ டூலை நேராக உள்ளே தள்ளி வெட்டியது. சிறிய மரைக்கு இது சரி. ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் பிட்ச் வரை யாரும் யோசிக்காமல் அப்படித்தான் வெட்டுகிறோம். 10 மி.மீ. பிட்சில் கணக்கே வேறு. முழு ஆழத்தில் அந்த டூலின் இரண்டு பக்க விளிம்புகளும் தலா 5.7 மி.மீ., அடி விளிம்பு 3.4 மி.மீ. மொத்தம் ஏறக்குறைய 15 மி.மீ. வெட்டுவிளிம்பு ஒரே நேரத்தில் உலோகத்தில் இருக்கும். இதைவிட மோசமான இன்னொன்றும் உண்டு. டூலை 0.1 மி.மீ. உள்ளே தள்ளினால் அடியில் 0.1 மி.மீ. சில்லு வரும். ஆனால் 15 டிகிரி சரிவில் கிடைப்பது வெறும் 0.026 மி.மீ. அந்தத் தடிமனில், விளிம்பு கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் டூல் வெட்டாது, தேய்க்கும். மூன்று பக்கமிருந்தும் வரும் சில்லுகள் நடுவில் ஒன்றோடொன்று மோதி நெருக்கும். அதிர்வு அங்கேதான் தொடங்குகிறது.

நடுவில் பருத்ததற்கும் இதே விசைதான் காரணம். 80 மி.மீ. தண்டு எங்கே வளையப்போகிறது என்று தோன்றும். மரை வெட்டியபின் அது 69 மி.மீ. தண்டு. 1,000 மி.மீ. இடைவெளியில், ஒரு முனை சக்கிலும் மறுமுனை சென்டரிலும் இருக்க, டூல் நடுவில் 3,000 நியூட்டன் விசையோடு தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால் தண்டு 0.1 மி.மீ. அளவுக்கு விலகும். விட்டத்தில் அது 0.2. அளந்ததும் அதே 0.2. இப்படிக் கச்சிதமாகப் பொருந்துவதில் தற்செயலும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் திசை சரி.

கிழிந்த சரிவுக்குக் காரணம் டூலைத் தீட்டிய விதம். அந்த டூலும் கூடவே வந்திருந்தது. இரண்டு பக்கமும் சமமாக, சுமார் 2 டிகிரி கிளியரன்ஸ் (டூலின் உடல் சுவரில் உரசாமலிருக்க விடும் சாய்வு) கொடுத்திருந்தார்கள். மரையின் ஏறுகோணம் (அது தண்டைச் சுற்றி ஏறும் சாய்வு) பிட்ச் விட்டத்தில் 2.43 டிகிரி, அடிவிட்டத்தில் 2.64 டிகிரி. வலது மரை வெட்டும்போது டூல் சக்கை நோக்கி நகர்கிறது. அந்தப் பக்கத்தில் இந்தக் கோணம் கிளியரன்ஸைத் தின்றுவிடும். 2 டிகிரி வைத்திருந்தால் மிச்சம் எதுவும் இல்லை, டூலின் உடலே மரைச் சுவரில் உரசும். எதிர்ப்பக்கத்தில் தேவைக்கு மேல் இடம் இருக்கும். இதே விட்டத்தில் பிட்ச் சிறியதாக இருந்தால் இந்த ஏறுகோணம் குறைவு என்பதால் பழகிய கை இதை மறந்துவிடுகிறது.

அலைகளுக்கு வருவோம். டெயில்ஸ்டாக் பக்கச் சரிவை வெட்டும்போது எதிர்விசை டூலைச் சக் பக்கம் தள்ளும், அதாவது டூலைச் சுமந்து நகரும் கேரேஜ் போகும் திசையிலேயே. கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவுக்கும் அதைப் பற்றும் ஹாஃப் நட்டுக்கும் இடையே எப்போதும் கொஞ்சம் விளையாட்டு (தளர்வு) இருக்கும். கேரேஜ் அந்த இடைவெளிக்குள் முன்னும் பின்னும் நழுவும். அந்த நழுவல்தான் சுவரில் அலையாகப் பதிகிறது.

வெட்டிய முறை

வேர்லிங் எனப்படும் சுழல் வெட்டுத் தலை இருந்தால் இந்த வேலைக்கு அதுவே முதல் தேர்வு. வெட்டு விட்டுவிட்டு நடப்பதால் விசை குறைவு, ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் எட்டலாம். எங்களிடம் இருந்தது சாதாரண சென்டர் லேத். லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 6 மி.மீ. எனவே ஒரே ஒரு கொள்கையை வைத்துக்கொண்டோம்: எந்த நேரத்திலும் டூலின் ஒரு விளிம்பு மட்டுமே வெட்ட வேண்டும்.

10-க்கு 6 என்றால் கியர் விகிதம் 5:3. லீட் ஸ்க்ரூ, சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலைவிட வேகமாகச் சுற்றும். கியர் வரிசை வேகத்தைக் கூட்டும்போது பற்களில் விழும் சுமையும் கூடும். பல லேத்துகளில் பெரிய பிட்சுக்கென்று தனி லிவர் இருக்கும். அது பேக் கியரின் வேகக் குறைப்புக்கு முன்னால் உள்ள தண்டிலிருந்து இயக்கத்தை எடுக்கும். அதனால்தான் பெரிய பிட்சுகள் குறைந்த வேகங்களில் மட்டும் கிடைக்கின்றன. அது குறையல்ல, நமக்கும் வேண்டியது குறைந்த வேகம்தான்.

முரட்டு வெட்டுக்கு நிமிடத்துக்கு 40 சுற்று வைத்தோம். 80 மி.மீ. விட்டத்தில் அது நிமிடத்துக்கு 10 மீட்டர், ஹைஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு வசதியான வேகம். ஆனால் கேரேஜ் நிமிடத்துக்கு 400 மி.மீ. ஓடுகிறது. மரை முடியும் இடத்தில் 14 மி.மீ. அகலத்தில் காடி எடுத்திருந்தோம். அதைக் கடக்க இரண்டே விநாடிதான், அதற்குள் டூலை வெளியே இழுக்க வேண்டும். கடைசி வெட்டுகளை 25 சுற்றில் ஓட்டியபோது மூன்று விநாடிக்கு மேல் கிடைத்தது. ஸ்பிண்டிலைத் தலைகீழாகச் சுற்றி, டூலையும் கவிழ்த்துப் பிடித்து, காடியிலிருந்து டெயில்ஸ்டாக் பக்கமாக வெட்டும் வழியும் உண்டு. நிறுத்தும் பதற்றம் இல்லை என்பதால் பலருக்கு அது பிடிக்கும். நாங்கள் எடுக்கவில்லை. ஒவ்வொரு வெட்டையும் அந்தக் குறுகிய காடிக்குள் தொடங்கி, அதற்குள்ளேயே விளையாட்டையும் எடுக்க வேண்டியிருக்கும்.

ஹாஃப் நட்டைத் திறக்கவே இல்லை. 6-க்கும் 10-க்கும் பொதுமடங்கு 30 என்பதால், பொருத்தமான பல்சக்கரம் இருந்தால், ஹாஃப் நட்டை எப்போது மூடலாம் என்று காட்டும் திரெட் டயலைப் பயன்படுத்தலாம். ஆனால் இவ்வளவு உலோகத்தை எடுத்த பிறகு ஒருமுறை தவறாக மூடினால் ஜாப் போய்விடும். ஒவ்வொரு முறையும் டூலை விலக்கி, மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டி, மரையின் தொடக்கத்தைத் தாண்டி இரண்டு பிட்ச் தூரம் கொண்டுவந்து, பிறகு முன்னோக்கி ஓட்டினோம். மெதுவானது, பாதுகாப்பானது.

தண்டைச் சக்கில் பிடித்தபோது அதன் தோள் தாடைகளின் முகத்தில் முட்டி நிற்குமாறு வைத்தோம். தண்டு வட்டமாகவோ நீளமாகவோ அரை மில்லிமீட்டர் நழுவினால்கூட மரையின் இடம் தொலைந்துவிடும். டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடை லேத்தின் படுக்கைக்கு இணையாகத் திருப்பினோம். கிராஸ் ஸ்லைடு ஆழத்தைச் சொல்லும், காம்பவுண்ட் பக்கவாட்டு நகர்வைச் சொல்லும், இரண்டும் கலக்காது. 15 டிகிரியில் சாய்த்து ஒரு பக்கமாகவே உள்ளே போகும் முறையும் நல்லதுதான், ஆனால் அதில் எதிர்ப்பக்கச் சுவரைத் தனியாகச் செதுக்க முடியாது. பெரிய மரைக்கு இணையாக வைப்பதே மேல் என்பது என் கருத்து.

முதல் வேலை ஒரு கீறல் மட்டும். 0.05 மி.மீ. ஆழத்தில் நீளம் முழுவதும் ஓட்டி, பத்து கீறல் 100 மி.மீ. வருகிறதா என்று பார்த்தோம். கியர் தவறு இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து 3 மி.மீ. அகலமுள்ள நேர்முனை டூல், பார்ட்டிங் டூல் மாதிரி. அதைப் பள்ளத்தின் நடுவில் வைத்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் 0.15 முதல் 0.2 வரை இறக்கி, 5.3 மி.மீ. ஆழம் வரை போனோம். அதற்கப்புறம் காம்பவுண்டை இடப்பக்கம் 0.7 நகர்த்தி 3 மி.மீ. ஆழம், வலப்பக்கம் 0.7 நகர்த்தி அதே ஆழம். பிறகு இருபுறமும் 1.2 நகர்த்தி 1.1 மி.மீ. ஆழம். இப்போது பள்ளம் படிக்கட்டு போல இருக்கும், எந்தப் படியும் இறுதிச் சரிவைத் தொடாது, குறைந்தது 0.15 மி.மீ. உலோகம் மிச்சம். எடுக்க வேண்டிய உலோகத்தில் பெரும்பகுதி இந்த எளிய டூலிலேயே போய்விடுகிறது. அது மழுங்கினாலும் கவலையில்லை, தீட்டி மறுபடி வைக்கலாம், வடிவத்துக்குப் பொறுப்பு அதற்கு இல்லை.

ஒரு வார்த்தை, தீட்டிய டூலை மீண்டும் பள்ளத்தில் பொருத்துவது பற்றி. ஹாஃப் நட்டை மூடியபடியே, டூலை வெளியே வைத்து, ஸ்பிண்டிலை முன்னோக்கி ஓட்டி நிறுத்த வேண்டும். பின்னோக்கி ஓட்டி நிறுத்தினால் விளையாட்டு எதிர்ப்பக்கம் கிடக்கும். நிறுத்திய பின் இரண்டு ஸ்லைடுகளையும் நகர்த்தி டூலைப் பள்ளத்தின் நடுவில் கொண்டுவரலாம்.

இப்போது சரிவுகள். முனை 2.8 மி.மீ. உள்ள 30 டிகிரி டூலைத் தீட்டினோம். இறுதி அகலமான 3.39-ஐவிட வேண்டுமென்றே குறுகலாக. சக் பக்கம் 6 டிகிரி கிளியரன்ஸ், எதிர்ப்பக்கம் 1 டிகிரி. ஏறுகோணத்தைக் கழித்தும் கூட்டியும் பார்த்தால் இரண்டு பக்கமும் உண்மையில் சுமார் 3.5 டிகிரி. மேல்முகம் சமதளம், சரியாகச் சென்டர் உயரத்தில். முரட்டு டூலின் மேல்முகத்தை ஏறுகோணத்துக்கு ஏற்பச் சாய்த்து வைத்தால் நன்றாக வெட்டும். ஆனால் இறுதி டூலைச் சாய்த்தால் சரிவின் வடிவம் மாறும், எனவே அதைச் சாய்க்கவில்லை.

இந்த டூலை முழு ஆழத்துக்கும் படிப்படியாக இறக்கி அடியைச் சரிசெய்த பின், ஆழத்தை அப்படியே வைத்துக்கொண்டு காம்பவுண்டை மட்டும் 0.05 மி.மீ. வீதம் சக் பக்கம் நகர்த்தி ஒரு சரிவை முடித்தோம். அப்புறம் எதிர்ப்பக்கம். 5.7 மி.மீ. நீளமுள்ள ஒரே விளிம்பு 0.05 மி.மீ. தடிமனில் வெட்டும்போது சில்லு சுருள் சுருளாக, தடையில்லாமல் வரும். லேத்தின் சத்தமே மாறிவிடுகிறது. எதிர்ப்பக்கச் சரிவுக்கு மட்டும், கேரேஜ் முன்னால் நழுவாமலிருக்க, அதன் பூட்டைக் கொஞ்சம் இழுவை தரும் அளவுக்கு இறுக்கினோம். கேரேஜ் எப்போதும் லீட் ஸ்க்ரூவால் இழுக்கப்படும் நிலையிலேயே இருந்தது. முதல் திருகில் பார்த்த அலைகள் இதில் வரவில்லை.

தண்டு வளைவதைத் தடுக்கப் பின்தொடரும் ஸ்டெடியை (விரல்களால் தண்டைத் தாங்கும் சட்டம்) கேரேஜில் பொருத்தினோம். மரைமுனையின் அகலம் 3.66 மி.மீ. மட்டுமே, இடையில் 6.34 மி.மீ. பள்ளம். ஸ்டெடியின் சாதாரண விரல் இதில் விழுந்து விழுந்து எழும். 25 மி.மீ. அகல வெண்கலக் கட்டைகளை விரல்களில் கட்டினோம், எப்போதும் குறைந்தது இரண்டு முனைகளில் படும்படி. முனையோரப் பிசிறை ஒவ்வொரு சில ஓட்டத்துக்கும் அரத்தால் எடுக்காவிட்டால் அது கட்டையின் அடியில் சிக்கித் தண்டைத் தூக்கும். ஸ்டெடியே வேண்டாம் என்று பலர் எரிச்சலோடு கழற்றுவதற்கு இந்தப் பிசிறுதான் காரணம்.

முரட்டு வெட்டு முடிந்ததும் இறுதி வெட்டைத் தொடங்காமல் தண்டைக் குளிர விட்டோம். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.0115 மி.மீ. நீளும். 20 டிகிரி சூட்டில் மீட்டருக்கு 0.23 மி.மீ., 700 மி.மீ. மரையில் 0.16 மி.மீ. சூடாக இருக்கும்போது சரியாக வெட்டிய பிட்ச், குளிர்ந்தபின் மொத்தத்தில் அவ்வளவு குறையும். சென்டரையும் ஒருமுறை தளர்த்தி மறுபடி பொருத்தினோம், நீண்ட தண்டு அதன்மேல் அழுந்தி வில்லாகியிருக்கலாம்.

அளவும் நட்டும்

டிரபிசாய்டல் மரையை உருளைகள் வைத்து அளப்பது எளிது, ஆனால் இந்த அளவில் ஒரு சிக்கல் உண்டு. பிட்ச் கோட்டில் சரியாக அமரும் உருளையின் விட்டம் பிட்சின் 0.5176 மடங்கு, இங்கே 5.18 மி.மீ. பேரிங்கிலிருந்து எடுத்த 5 மி.மீ. ஊசி உருளைகள் அதற்குப் போதுமான அளவு பக்கம். அவற்றின் மேல் வரும் அளவு இப்படி: பிட்ச் விட்டத்தோடு உருளை விட்டத்தின் 4.864 மடங்கைக் கூட்டி, பிட்சின் 1.866 மடங்கைக் கழிக்க வேண்டும். பிட்ச் விட்டம் 75 என்றால் 80.66. நாங்கள் எடுத்துக்கொண்ட இலக்கு 74.75, அதற்கு 80.41.

சிக்கல் என்னவென்றால், ஒரு பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு உருளைகளின் இடைவெளி 10 மி.மீ. மைக்ரோமீட்டரின் முகம் அவ்வளவு அகலம் இல்லை, இரண்டையும் தொடாது. சரியாக 10 மி.மீ. தடிமனுள்ள அரைத்த தகடு ஒன்றை இரண்டு உருளைகளின் மேல் வைத்து, அதற்கு மேல் அளந்து, 10-ஐக் கழித்தோம். 75–100 மைக்ரோமீட்டரே போதும், 90.41 காட்டினால் வேலை முடிந்தது.

இந்த அளவுமுறை சரிவு வெட்டுக்கு மிக உதவியானது. ஒரு சரிவில் 0.05 மி.மீ. எடுத்தால் உருளைமேல் அளவு 0.19 குறையும், ஏறக்குறைய நான்கு மடங்கு பெருக்கம். அதாவது இன்னும் எவ்வளவு பக்கவாட்டில் எடுக்க வேண்டும் என்பதை அளவிலிருந்து நேரடியாகக் கணக்கிடலாம். மிச்சத்தை 3.73-ஆல் வகுத்தால் காம்பவுண்டின் நகர்வு வந்துவிடும். கடைசிக் கட்டத்தில் நட்டைப் போட்டுப் போட்டுப் பார்க்கும் வேலை இல்லை.

நட் பழையது தேய்ந்திருந்ததால் அதையும் புதிதாகச் செய்தோம். திருகை முதலில் முடித்து அதை வைத்தே நட்டைச் சோதிக்கலாம் என்பார்கள். இந்தத் திருகு வெட்டுவதற்கு முன் 43 கிலோ இருந்தது. அதைத் தூக்கி, லேத்தில் நிற்கும் நட்டுக்குள் சுற்றிப் பார்ப்பது யாருக்கும் சுகமான வேலையல்ல. மாறாக 60 மி.மீ. நீளத்தில் ஒரு சிறு திருகை, அதே டூலில், அதே 80.41 அளவுக்கு முதலில் வெட்டி, அதைக் கேஜாக வைத்து நட்டை முடித்தோம். பெரிய திருகை அந்தச் சிறு திருகின் அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். சிறியதை வெட்டும்போதே வேகம், டூல் கோணம், எண்ணெய் எல்லாம் சோதனைக்கு வந்துவிட்டன.

நட்டின் உள்மரைக்கும் அதே கொள்கைதான்: நடுவில் பள்ளம், பிறகு தனித்தனியே சரிவுகள். 70 மி.மீ. துளைக்குள் 50 மி.மீ. போரிங் பார் (டூலைத் துளைக்குள் நீட்டிப் பிடிக்கும் தடி). டூலை 5.5 மி.மீ. பின்னிழுக்கவும் இடம் வேண்டும் என்பதால் இதைவிடத் தடிமனாகப் போக முடியாது. உள்ளே நடப்பது தெரியாது, காதும் கிராஸ் ஸ்லைடு டயலும்தான் துணை. கீழ்ப்புறக் கிளியரன்ஸை வெளிமரையைவிட அதிகம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் டூலின் அடிக்குதிகால் துளைச் சுவரில் முட்டும்.

முடிவில் திருகின் நீளம் முழுவதும் உருளைமேல் அளவு 0.04 மி.மீ.-க்குள் நின்றது. நட் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் சுற்றப் போனது. பழைய திருகில் பெரும்பாலும் ஒரே பக்கச் சரிவு தேய்ந்திருந்ததைப் பார்த்தபின், பிரஸ்ஸின் எண்ணெய்த் துளையை நட்டின் நடுவிலிருந்து சுமை விழும் முனைக்கு அருகே மாற்றச் சொல்லி அனுப்பினோம்.